உதய நட்சத்திரம்: பம்பாயில் ஒரு சகோதர சங்கத்தின் வரலாறு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் ஏறிப் பேசுவோர் பெரும்பாலும் புலவர்களாகவோ கல்லூரிப் பேராசிரியர்களாகவோ இருப்பது வழக்கம். மெட்ரிகுலேஷன் தேறியதோடு ஏட்டுப் படிப்புக்கு விடை கொடுத்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழித்து வரும் நம்மைப் போன்ற ஒரு குமாஸ்தாவை இம்முறை அழைத்திருப்பது சங்கத்தின் பெருந்தன்மை. ஆகையால் இலக்கியக் கடலில் இறங்கி இடர்ப்படாமல், நம் எல்லோர்க்கும் பழக்கமான ஒரு பொருளையே பேச எடுத்துக்கொண்டோம். அது யாதெனில், சங்கம் என்பதே.

மும்பை மாநகரில் சங்கங்களுக்குக் குறைவில்லை. குஜராத்திகளுக்கு மண்டலிகள் உண்டு. பார்சிகளுக்குப் பஞ்சாயத்து உண்டு. வங்காளிகளுக்குத் துர்க்கா பூஜைக் கமிட்டிகள் உண்டு. கன்னடர்க்கும் மலையாளிகளுக்கும் சமாஜங்கள் உண்டு. பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தவன் முதலில் தேடுவது ஒண்டிக்கொள்ள ஓர் அறை. அடுத்தபடி அவன் தேடுவது, 'வா' என்று தன் மொழியில் அழைக்க ஒரு வாய். அந்த வாய்தான் சங்கம். ஆயினும், 'வா' என்று ஒருவனை அழைக்கும் வாய், 'நீ வரலாகாது' என்று இன்னொருவனைத் தடுப்பதும் உண்டு. யாரை அழைப்பது, யாரைத் தடுப்பது என்னும் அந்த ஒரு முடிவில் ஒரு சங்கத்தின் தரம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது.

இவ்வுண்மைக்குச் சான்றாக, இதே நகரில் 1843ஆம் ஆண்டில் தோன்றிய 'ரைசிங் ஸ்டார் ஆப் வெஸ்டர்ன் இந்தியா' என்னும் பிரீமேசன் லாட்ஜின் கதையை உங்கள் முன் வைக்க விழைகின்றோம். 'மேற்கிந்தியாவின் உதய நட்சத்திரம்' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16இல் என்பது நம் குடியிருப்பில் சிறுவரும் அறிந்த செய்தி. இந்த லாட்ஜ் அந்த ரயிலுக்கும் ஒன்பது வயதுக்கு மேல் மூத்தது.

பிரீமேசன் என்றதும் நம்மவரில் சிலர் புருவத்தை உயர்த்துவதைக் காண்கின்றோம். அவர்கள் கூடும் மண்டபம் கோட்டைப் பகுதியில் இருக்கிறது. அவ்வழியே நடந்து அலுவலகம் செல்வோர் அதன் மூடிய கதவைக் கண்டிருப்பர். உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாதாகையால், வடநாட்டு ஊர்களில் லாட்ஜுக்கு 'ஜாதூகர்', அதாவது மாய வீடு, என்றே பெயர் வழங்கலாயிற்று. கிப்ளிங் 1901இல் வெளியிட்ட 'கிம்' என்னும் நாவலிலும் இப்பெயர் வருகிறது. வேறு சில ஊர்களில் 'பூத் பங்களா' என்று சொல்லிக் குழந்தைகளை அச்சுறுத்தியதும் உண்டு.

உண்மையில் அங்கே மாயம் ஒன்றும் இல்லை. பிரீமேசன் மரபின் வேர் கொத்தர் தொழிலில் இருக்கிறது. ஐரோப்பாவில் பெரிய மாதா கோயில்களைக் கட்டிய கல் கொத்தர்கள், வேலைத் தலத்திலேயே ஒரு கொட்டகை போட்டுக் கருவிகளை வைத்து, உண்டு, இளைப்பாறினார்கள். அந்தக் கொட்டகைக்குத்தான் 'லாட்ஜ்' என்று பெயர். பிற்காலத்தில் கரணையைத் தொட்டே அறியாத கனவான்களும் அக்கூட்டத்தில் சேரத் தொடங்கினர். லண்டனிலிருந்த நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடி 1717இல் ஒரு தலைமைச் சபையை நிறுவின என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஸ்காட்லாந்தின் தலைமைச் சபை 1736இல் எழுந்தது. தொழில் மறைந்தது, கருவிகள் மட்டும் சின்னங்களாக நின்றன. மூலைமட்டம் நேர்மையைக் குறிக்கும். கவராயம் அளவோடு வாழ்தலைக் குறிக்கும். தூக்குக்குண்டு கோணாத நடத்தையைக் குறிக்கும். ரசமட்டம் சமத்துவத்தைக் குறிக்கும். அங்கத்தினராக வருவோர்க்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும். எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. கூட்டத்தில் மதச் சச்சரவும் கட்சி அரசியலும் பேசலாகாது. சங்கேதச் சொற்களும் சில சடங்குகளும் உண்டு. மாய வீட்டின் மர்மம் இவ்வளவே.

சமத்துவத்துக்கு ரசமட்டத்தைச் சின்னமாக வைத்துக்கொள்வது எளிது. அந்த ரசமட்டத்தை நம் வாசற்படியிலேயே வைத்துப் பார்ப்பது கடினம். இந்திய மண்ணில் பிரீமேசன்கள் அந்தச் சோதனைக்கு உட்பட நேர்ந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் 1730ஆம் ஆண்டளவில் கல்கத்தாவிலும், 1752இல் சென்னையிலும், 1758இல் பம்பாயிலும் லாட்ஜுகளை ஏற்படுத்தினர். சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று காவல்துறைத் தலைமையகமாக விளங்கும் வெண்ணிற மாளிகை, 1839இல் பிரீமேசன் மண்டபமாகக் கட்டப்பெற்றதே. மண்டபங்கள் எழுந்தனவே தவிர, அவற்றினுள் இந்தியர்க்கு இடமில்லை. முதன்முதலில் உள்ளே புகுந்த இந்தியர் என்று சொல்லப்படுபவர் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா, 1770களில் திருச்சிராப்பள்ளியில் பிரீமேசனாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இச்செய்தி கேட்டு மகிழ்ந்த லண்டன் தலைமைச் சபை, அவருக்கு அலங்கார மேலாடையும் தன் விதி நூலின் பிரதியும் அனுப்பிப் பாராட்டியது. பின்னாளில், 1795இல், அவரே நவாபாகப் பட்டமேற்றார்.

ஆயினும், இளவரசனுக்குக் கதவைத் திறப்பது பெரிய செயலன்று. இளவரசன் தட்டினால் எந்தக் கதவும் திறக்கும். சாதாரணக் குடிமகன் தட்டியபோது என்ன நடந்தது என்பதே கேள்வி.

அதற்கு விடை பம்பாயில் கிடைக்கிறது. மானெக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சிப் பெரியார் 1808இல் பிறந்தவர். ஆங்கிலக் கல்வியில் தேர்ந்தவர். சீர்திருத்த மனம் படைத்தவர். அவர் பம்பாயிலிருந்த ஒரு பிரீமேசன் லாட்ஜில் சேர விரும்பினார். அங்கே புதியவரைச் சேர்க்கும் முறையைச் சிறிது விளக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பழைய அங்கத்தினர் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும். அதன்பின் ஒரு பெட்டி சுற்றி வரும். சம்மதமுடையோர் வெள்ளைப் பந்தையும், சம்மதமில்லாதோர் கறுப்புப் பந்தையும் அதில் இடுவர். விரல்விட்டு எண்ணத்தக்க சில கறுப்புப் பந்துகள் விழுந்தாலே விண்ணப்பம் தள்ளுபடியாகும். போட்டவர் யார் என்று தெரியாது. ஏன் போட்டார் என்று கேட்கவும் இயலாது. வெளியே நிற்பவனுக்குத் தெரிவது ஒன்றுதான்: கதவு திறக்கவில்லை.

மானெக்ஜிக்கும் கதவு திறக்கவில்லை. அவர் சினந்து பேசியதாகவோ, பழி தூற்றியதாகவோ செய்தி இல்லை. ஐரோப்பாவுக்குப் பயணம் சென்றபோது பாரிஸ் நகரத்து லாட்ஜ் ஒன்றில் முறைப்படி பிரீமேசனாகச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் உலகெங்குமுள்ள பிரீமேசன்களுக்குச் சகோதரர். ஆனால் தாம் பிறந்து வளர்ந்த பம்பாய்க்குத் திரும்பியபோது, அந்தச் சகோதரர்க்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை. பாரிஸில் சகோதரர், பம்பாயில் அந்நியர்! இந்த முரண்பாடு நியாய உணர்வுள்ள ஆங்கிலேயர் சிலரை உறுத்தியது.

அவர்களுள் முதன்மையானவர் டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர்; கம்பெனியின் உத்தியோகத்தில் இருந்தவர்; ஸ்காட்லாந்துச் சபையின் சார்பில் மேற்கிந்திய லாட்ஜுகளுக்குத் தலைவர். அவரைப் பற்றி ஒரு செய்தியை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். அவருடைய தம்பியர் அலெக்சாண்டர் பர்ன்ஸ், சார்ல்ஸ் பர்ன்ஸ் ஆகிய இருவரும் ஆப்கானிஸ்தானத்தில் இருந்தனர். தம் நாட்டில் அந்நியப் படை புகுந்ததால் வெகுண்டெழுந்த காபூல் மக்கள், 1841 நவம்பர் 2ஆம் நாள் அவ்விருவரையும் ஒரே வீட்டில் கொன்றனர். ஒரே நாளில் இரண்டு தம்பியரை இழந்த ஒருவர், கீழ்நாட்டார்மேல் வெறுப்புற்றுக் கதவை இன்னும் இறுகச் சாத்தியிருந்தால், உலகம் அதை வியப்பாகக் கொண்டிராது. அவரோ அதற்கு நேர்மாறாக நடந்தார். அத்துயர் நிகழ்ந்து இரண்டே ஆண்டுகளில், 1843 டிசம்பர் 15ஆம் நாள், இந்தியரைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே ஒரு லாட்ஜ் பம்பாயில் தோன்றத் துணை நின்றார். அதுவே உதய நட்சத்திரம். பார்சிகளும் முஸ்லிம்களும் அதில் சகோதரர்களாக அமர்ந்தனர். ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் 342ஆம் எண்ணுடையதாக அது அறியப்பெறுகிறது.

நிற்க. பம்பாயில் கதவு திறந்ததும் நாடு முழுவதும் திறந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் என்னும் இந்து 1863இல் விண்ணப்பம் செய்தார். இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குவோர், ஆகையால் ஒரே கடவுளின் பெயரால் பிரமாணம் எடுக்க இயலாது என்றார்கள்; சாதி பார்ப்போர் சகோதரத்துவம் பேணுவது எங்ஙனம் என்றும் கேட்டார்கள். அந்த இரண்டாம் கேள்வி நம் நெஞ்சையும் சுடத்தான் செய்கிறது. தத்தர் சோர்ந்துவிடாமல் ஒன்பது ஆண்டுகள் எழுதியும் வாதாடியும் நின்று, 1872இல் 'ஆங்கர் அண்டு ஹோப்' லாட்ஜில் இடம் பெற்றார். அதே லாட்ஜில் 1884இல் ஓர் இளைஞர் சேர்ந்தார். நரேந்திரநாத தத்தர் என்பது அவர் பெயர். விவேகானந்தர் என்று பிற்காலத்தில் உலகம் அவரை வணங்கியது. முதல் தத்தர் நடுவழியில் அலுத்துத் திரும்பியிருந்தால், இரண்டாம் தத்தர் எந்தக் கதவின் வழியாக உள்ளே சென்றிருப்பார்?

இதே பம்பாயில் 1865இல் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், லாகூரில் பத்திரிகை வேலை பார்த்தபோது 1886இல் அவ்வூர் லாட்ஜில் சேர்ந்தார். அதற்குரிய வயது இன்னும் நிறைந்திருக்கவில்லை. ஆயினும் நல்ல காரியதரிசி ஒருவர் தேவைப்பட்டதால் விலக்களித்துச் சேர்த்துக்கொண்டனர். முதற்படியில் தம்மை ஏற்றவர் பிரம்ம சமாஜத்து இந்து, இரண்டாம் படியில் முஸ்லிம், மூன்றாம் படியில் ஆங்கிலேயர், வாயிற்காவலரோ இந்திய யூதர் என்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு விடுத்த கடிதத்தில் அவர் எழுதியிருக்கிறார். ஏகாதிபத்தியத்தைப் போற்றிய எழுத்தாளர் என்று பெயரெடுத்த ஒருவரே இதைப் பெருமையோடு நினைவு கூர்ந்தார் என்றால், அந்த அறையில் ஏதோ ஒரு நன்மை இருந்திருக்க வேண்டும்.

அந்த நன்மை யாது? மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, சரிசமமாக அமரும் பழக்கம். அக்காலத்துப் பைகுல்லா கிளப் போன்ற இடங்களில் இந்தியர்க்கு அனுமதி இல்லை. இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து பழகுவதற்கென்று வில்லிங்டன் கிளப் இந்நகரில் ஏற்பட்டது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். உதய நட்சத்திரமோ அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. வெளியே துரை என்றும் கிளார்க் என்றும் பிரிந்து நின்றவர்கள், அந்த ஓர் அறையில், அந்த ஒரு மாலைப் பொழுதில், ஒரே வரிசை நாற்காலிகளில் அமர்ந்தனர்.

இரண்டாவது, பொது வாழ்வுக்கான பயிற்சி. லாட்ஜில் தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுவார். காரியதரிசி நடவடிக்கைக் குறிப்பு எழுதுவார். பொருளாளர் கணக்கைப் படிப்பார். வாக்கெடுப்பு நடக்கும். கோப்புகளோடு வாழும் நமக்கு இதன் அருமை நன்கு தெரியும். கூட்டம் கூடிக் கலைவது எளிது. சென்ற கூட்டத்தில் என்ன தீர்மானித்தோம் என்று எழுதிவைத்து, அதன்படி நடப்பது அரிது. நம் தேசிய இயக்கத்தின் முன்னோடிகளாகிய தாதாபாய் நௌரோஜியும் பெரோஸ்ஷா மேத்தாவும் பிரீமேசன்களாக இருந்தவர்கள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

உதய நட்சத்திரத்தின் புகழுக்குக் காரணமானவர்களுள் ஒருவர் கர்செட்ஜி ருஸ்தம்ஜி காமா. 1831இல் பிறந்து 1909இல் மறைந்த அப்பேரறிஞர், சரதுஷ்டிர சமய நூல்களை ஆராய்ந்தவர். 1854இல் இந்த லாட்ஜில் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சகோதரராக விளங்கினார். அவருடைய பிரீமேசன் வாழ்வின் பொன்விழாவைப் போற்றி 1907இல் ஒரு மலர் வெளியிடப்பட்டது. அதைப் பதிப்பித்தவர் ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோதி என்னும் அறிஞர். ஆண்டு மலர்களை நாம் விளம்பரத்துக்காகவும் புகைப்படத்துக்காகவும் புரட்டிவிட்டு எறிந்துவிடுகின்றோம். ஒரு சங்கத்தின் மலர் நூறாண்டுக்குப் பின்னும் வரலாற்று ஆசிரியர்க்குச் சான்றாகப் பயன்படக்கூடும் என்பதற்கு அம்மலர் ஓர் உதாரணம்.

மூன்றாவது, இடுக்கண் களையும் ஏற்பாடு. சகோதர அன்பு, உதவி, உண்மை என்னும் மூன்றையும் பிரீமேசன்கள் தம் கொள்கைகளாகச் சொல்கிறார்கள். கூட்டந்தோறும் அறத்துக்கென்று ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு இட்டார் என்று பார்ப்பதில்லை. அங்கத்தினர் இறந்தால் அவருடைய விதவைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவ நிதி உண்டு. இதற்கெல்லாம் மேலாக, 'ஆல்மனர்' என்று ஓர் உத்தியோகஸ்தர் உண்டு. கூட்டத்துக்கு வந்தவர்களைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. வராதவர்களைத் தேடிச் செல்வதே அவர் கடமை. நோயுற்றவர் யார், வேலை இழந்தவர் யார், துணையை இழந்து தனித்திருப்பவர் யார் என்று விசாரித்து வந்து, பிறர் காதில் விழாமல் உதவி சேர்ப்பிப்பது அவர் பணி.

மானெக்ஜி கர்செட்ஜியின் கதையை இன்னும் முடிக்கவில்லை. ஒரு கதவு தமக்கு மூடப்பட்டதன் வலியை அறிந்த அவர், தமக்குத் திறந்ததோடு அமைதி அடையவில்லை. பெண்களுக்கு மூடியிருந்த கல்விக் கதவைத் தட்டத் தொடங்கினார். தம் புதல்வியர்க்கு ஆங்கிலக் கல்வி அளித்தார். தம் இல்லத்திலேயே பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார். சமூகத்தில் பலர் எதிர்த்தனர். எதிர்ப்புக்கிடையே 1863இல் அலெக்சாண்டிரா பெண்கள் ஆங்கிலப் பள்ளி அவர் முயற்சியால் எழுந்தது. இந்த லாட்ஜில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் அதன் தோற்றத்துக்குக் காரணமான மனிதர் பெண்களுக்குப் பள்ளி கண்டார். கதவுக்கு வெளியே நின்று பார்த்தவனுக்கு, வெளியே நிற்கும் மற்றவர்களும் கண்ணில் படுகிறார்கள்.

இவற்றையெல்லாம் சொல்லும்போது குறைகளையும் மறைக்கலாகாது. அந்தச் சகோதரத்துவம் பெரும்பாலும் வசதி படைத்தோரின் சகோதரத்துவம். கட்டணம் கட்ட இயன்றவனுக்கே அதில் இடம். அந்த மண்டபத்துக்குக் கல் சுமந்த கூலி ஆளுக்கு, கொத்தரின் பெயரால் அமைந்த சங்கத்தில் இடம் இல்லை என்பது கசப்பான வேடிக்கை. உள்ளே சகோதரர் என்று கை குலுக்கியவர்களுள் பலர், வெளியே வந்ததும் பழைய துரைகளாகவே நடந்தனர். இரகசியம் என்னும் போர்வை வீண் ஐயங்களுக்கு இடம் தந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1961 நவம்பர் 24ஆம் நாள் புதுதில்லியில் இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சபை தொடங்கப்பெற்று, ராம்பூர் நவாப் சையத் ரஸா அலிகான் அதன் முதல் தலைவரானார். கீதை, குர்ஆன், பைபிள், கிரந்த சாகிப், ஜெந்த் அவெஸ்தா ஆகிய ஐந்தும் அச்சபையின் பீடத்தில் இடம் பெறுகின்றன. ஐந்து வேதங்களையும் ஒரே பீடத்தில் வைப்பது அழகான காட்சிதான். ஆயினும் வேதங்கள் தாமாக நடந்து வந்து அங்கே அமரவில்லை. மானெக்ஜியும் தத்தரும் வாசலில் காத்து நின்றதனால் அவை அங்கே வந்தன.

அன்பர்களே! பார்சிகளின் கதையையும் ஆங்கிலேயரின் கதையையும் இவ்வளவு நேரம் சொன்னது, நம் வீட்டுக் கதையை விட்டு விலகிப் போவதற்காக அன்று. ஜி.ஐ.பி. ரயில்வேயின் பாதை 1871இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு இணைந்த பிறகு, நம் முன்னோர் பெட்டியையும் படுக்கையையும் கட்டிக்கொண்டு இந்நகர்க்கு வருவது எளிதாயிற்று. வந்தவர்கள் சங்கம் கண்டார்கள். அப்படி ஒரு சங்கத்தின் பிள்ளைகள்தாம் நாம். நம் சங்கத்துக்கும் ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதில் ஐந்தாம் விதி என்று ஒன்று உண்டு. ரயில்வே குடியிருப்பில் வீடு ஒதுக்கப்பெற்ற ஊழியரும் அவர் குடும்பத்தினருமே அங்கத்தினராகலாம்; செயற்குழுவில் ஒருவர் மறுத்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகும்; காரணம் கூற வேண்டியதில்லை. இதுவே அவ்விதி. கறுப்புப் பந்து என்ற பெயர்தான் இல்லை. பந்து நம்மிடமும் இருக்கிறது.

அவ்விதியை வகுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அக்காலத்தில் கூட்டம் நடத்தக் குடியிருப்பு மண்டபத்தை விட்டால் வேறு இடமில்லை. குடியிருப்போர்க்கே மண்டபம் தரப்பட்டது. ஆகையால் விதியும் அப்படி அமைந்தது. காலம் மாறிவிட்டது, விதி மாறவில்லை. அதன் விளைவைப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் சங்கத்துக்கு உழைத்தவர் ஓய்வு பெற்று, வீட்டுச் சாவியை ஒப்படைத்து, டோம்பிவிலிக்கோ பத்லாப்பூருக்கோ போனதும் அவர் அங்கத்தினர் அல்லர் ஆகிறார். தண்டவாளப் பணியாளர் ஒருவர், பொங்கல் விழாத்தோறும் தோரணம் கட்டிப் பாத்திரம் தூக்கியவர், காலமானார். அவர் மனைவி குடியிருப்பை விட்டு வெளியேறி வாடகை அறையில் இருக்கிறார். அந்த அம்மையாரின் மகள் நல்ல மதிப்பெண் பெற்று, சங்கத்தின் புத்தக உதவிக்கு விண்ணப்பித்தாள். 'அங்கத்தினர் குடும்பம் அல்ல' என்னும் குறிப்போடு விண்ணப்பம் திரும்பியது. விதிப்படி அது சரியே. ஒரு விதி, தந்தை உயிரோடிருந்தவரை நம் பிள்ளையாக இருந்தவளை அவர் மறைந்ததும் அந்நியப் பிள்ளை ஆக்கிவிடுமானால், அவ்விதியை ரசமட்டத்தில் வைத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

யார்டில் ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பெட்டி கழுவும் தமிழ்க் குடும்பங்கள் மதிலுக்கு அப்பால் வாழ்கின்றன. அவர்கள் பேசும் தமிழ் மதில் தாண்டி நம் காதில் விழுகிறது. அவர்களுடைய பிள்ளைகள் நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வர விரும்பினால், வகுப்பு அங்கத்தினர் பிள்ளைகளுக்கே என்கிறோம். இடம் போதாது என்று சிலர் சொல்கிறார்கள். அது கணக்குப் பார்த்துத் தீர்க்கத்தக்க தடை. நிதி போதாது என்று சிலர் சொல்கிறார்கள். அறப்பை ஒன்று கூட்டந்தோறும் சுற்றி வந்தால் அதற்கும் வழி பிறக்கும். தரம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தத் 'தரம்' என்னும் சொல்லுக்குள் எது ஒளிந்திருக்கிறது என்பது இங்குள்ள அனைவரும் அறிந்ததே. ஊரில் எந்தத் தெருவில் பிறந்தான் என்னும் கேள்வியைப் பெட்டிக்குள் வைத்து மும்பைக்குக் கொண்டுவந்துவிட்டு, இங்கே அதற்குத் 'தரம்' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். சாதி பார்ப்போர் சகோதரத்துவம் பேணுவது எங்ஙனம் என்று கல்கத்தாவில் கேட்டார்களே, அதற்குத் தத்தர் விடை சொல்லிவிட்டார். நாம் இன்னும் சொல்லவில்லை.

நம்மால் இயலாது என்பதும் இல்லை. 2020 மார்ச் மாதத்தில் நோய்த் தொற்றின் காரணமாக ரயில்கள் நின்றன. ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில் மதிலுக்கு அப்பால் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தது. நம் சங்கத்து மகளிர் அரிசியும் பருப்பும் பொட்டலம் கட்டினார்கள். இளைஞர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்று அங்கத்தினர் அட்டை காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் விதியை யாரும் புரட்டவில்லை. அந்நாட்களில் நம் சங்கம் தன் பெயருக்கு முழுவதும் தகுதியுடையதாக இருந்தது. ரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் விதியும் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆபத்துக் காலத்தில் திறந்த கதவை நல்ல காலத்தில் ஏன் சாத்த வேண்டும்?

வரும் பொதுக்குழுவில் ஐந்தாம் விதிக்கு ஒரு திருத்தம் முன்வைக்கப்பட இருக்கிறது. அதனை ஆதரிக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கின்றோம். மூன்று அம்சங்களே அதில் உள்ளன. ஒன்று, இவ்வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும் அங்கத்தினராகலாம். ஓய்வு பெற்றோரும் மறைந்த அங்கத்தினரின் குடும்பத்தாரும் சந்தாவின்றித் தொடரலாம். இரண்டு, ஒரு விண்ணப்பத்தை மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அக்காரணம் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிய வேண்டும். எழுதக் கூசும் காரணம் மனத்தில் இருக்கவும் கூச வேண்டும் அல்லவா? மூன்று, தலைவர், காரியதரிசி, பொருளாளர் என்னும் பதவிகளோடு நலம் விசாரிப்பவர் என்று ஒரு பதவி ஏற்படுத்தல் வேண்டும். வந்தவரை வரவேற்க வாசலில் பன்னீர்ச் செம்போடு பலர் நிற்கிறார்கள். வராதவரைத் தேடிச் செல்ல ஒருவரேனும் வேண்டும்.

பிரீமேசன் சடங்குகள் நமக்கு வேண்டாம். மூடிய கதவும் சங்கேதச் சொல்லும் வேண்டாம். பெண்களை விலக்கிய அவர்களுடைய வழக்கம் அறவே வேண்டாம். நம் சங்கம் நடப்பதே தாய்மார்களின் கையால்தான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. இரண்டு தம்பியரை இழந்த துயரத்திலும் பர்ன்ஸ் கதவைத் திறந்தார். மானெக்ஜி தமக்குத் திறந்த கதவைப் பிறர்க்காகவும் திறந்து வைத்தார். அவர்களுக்கு இருந்த தடைகளில் நூற்றில் ஒரு பங்கும் நமக்கு இல்லை. பொதுக்குழுவில் கை உயர்த்தினால் போதும்.

அடுத்த ஆண்டு விழாவில் இம்மண்டபத்து நாற்காலிகள் போதாமல், பலர் பாய் விரித்து அமரும் நிலை வருமாக. அந்நெருக்கடியே நம் சங்கத்தின் வளர்ச்சி.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!